கரன்ட் குடிக்கும் பூதம்!

உலகத்திலேயே சோகமான சத்தம் எது தெரியுமோ? சாவியைத் திருப்பியதும் ‘ர்ர்ரூம்...’ என்று கிளம்ப வேண்டிய கார், ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு மௌன விரதத்துக்குப் போய்விடுமே... அந்த ‘டிக்’தான்!

அடுத்த நிமிஷம் ஆள் கூடிவிடும். பால்காரர், பேப்பர் போடும் பையன், வாக்கிங் கிளம்பிய ரிடையர்டு தாசில்தார் (ஆயுசுக்கும் சைக்கிளைத் தவிர வேறு எதுவும் ஓட்டாதவர்) என்று ஆளுக்கு ஒரு தரம் பானெட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். அபிப்பிராயங்கள் பல, தீர்ப்பு மட்டும் ஒன்றுதான். “பேட்டரி போச்சு ஸார். புதுசு மாத்திடுங்க!”

நம் ஊரில் விசாரணையே இல்லாமல் தண்டனை அனுபவிக்கும் ஒரே ஜீவன், கார் பேட்டரிதான். மாதக் கடைசியில் பர்ஸ் காலியாக இருந்தால் புதுப் பர்ஸா வாங்குகிறோம்? எடுத்தது யார் என்றல்லவா தேடுகிறோம்! பேட்டரி விஷயத்திலும் அதே கேள்விதான். நாம் தூங்கும்போது அதிலிருந்து கரன்ட்டை எடுத்துக் குடிப்பது யார்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. மந்திரம் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்ட்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை, ஐந்தாம் கிளாஸ் கணக்கு... இவ்வளவு போதும். தூத்துக்குடியில் நேரிலே பார்த்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

பேஷன்ட் யார்?

முதலில் என் கேஸ். நான் ஒரு ஷிப்பிங் ஏஜென்ஸி ஆபீஸில் கிளார்க். வீடு மூணாம் மைல் பக்கம். ஆபீஸ் ஹார்பர் பக்கம். வண்டி, செகண்ட் ஹாண்டில் வாங்கிய சின்ன கார். (கம்பெனி பெயர் வேண்டாம். கடைசியில் பார்த்தால் கம்பெனி மேல் தப்பே இல்லை!)

அந்தக் காரின் முக்கிய டியூட்டி என்னை ஆபீஸில் இறக்கி விடுவது அல்ல. என் அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், டயாலிசிஸ். காலை ஐந்தரைக்கு முதல் ஷிஃப்ட். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். லேட்டாகப் போனால் அந்த அளவுக்கு நேரம் குறையும். குறைந்தால் உடம்பில் தங்கும் நீர் அவரைச் சும்மா விடாது. படுத்தால் மூச்சு வாங்கும், ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார்.

வண்டியோ ஒரு விசித்திரமான வியாதியில் இருந்தது. தினமும் ஓட்டினால் முனகிக்கொண்டே ஸ்டார்ட் ஆகிவிடும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல நிறுத்தினால் போச்சு, ‘டிக்’!

ஒரு சனிக்கிழமை சாயந்திரம் நிறுத்தியது. ஞாயிறு, அடுத்து திங்கள் கவர்ன்மென்ட் லீவு. செவ்வாய் விடிகாலை நாலே முக்காலுக்குச் சாவியைத் திருப்பினால்... அதே ‘டிக்’. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர ஏகப்பட்ட லேட். அன்றைக்கு அப்பாவுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம்தான்.

திரும்பி வரும்போது அப்பா கேட்டார்: “ஏல, எனக்கு நாலு மணி நேரம் சார்ஜ் போட்டா மூணு நாள் ஓடுதேன். உன் வண்டிக்கு ராத்திரி பூரா சார்ஜ் போட்டாலும் ரெண்டு நாள் தாங்க மாட்டேங்கு. நம்ம வீட்ல யாருல பேஷன்ட்டு?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்.

பேட்டரிக் கடைக்குப் போனேன். பேட்டரிக்கு வயசு பதினொரு மாசம். மெஷினை வைத்து டெஸ்ட் செய்தார்கள்.

“மாத்திடுங்க ஸார்.”

“வாரன்ட்டி இருக்கே?”

“வாரன்ட்டி வராது ஸார். பேட்டரி நல்லாத்தான் இருக்கு!”

“நல்லா இருந்தா எதுக்கு மாத்தணும்?”

“வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னீங்களே?”

இதற்கு மேல் வாதாட எனக்குச் சட்டப் படிப்பு இல்லை. நேராக மூணாம் மைலில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் போனேன். அறுபது வயசு. அம்பாஸடருக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றிய காலத்தில் ஸ்பானரைக் கையில் எடுத்தவர். (“பேப்பர்ல பேரு கீரு போட்டுராதிய தம்பி. பேரு போட்டா கடன்காரன் வந்துருவான்!”)

சிப்பியைத் திறக்காமல் வாங்காதே!

கடைக்காரர் சொன்னதைச் சொன்னதும் அண்ணாச்சி சிரித்தார். “இது பழைய முத்துச்சிலாவ ஏலம் மாதிரில்லா இருக்கு!”

விஷயம் தெரியாதவர்களுக்கு: எங்கள் ஊர் முத்துக்குப் பேர் போனது. அந்தக் காலத்தில் கடலுக்கடியில் மூழ்கி எடுத்துவரும் சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று யாருக்கும் தெரியாது. எடுத்தவன் ராஜாவாகவும் போவான், போண்டியாகவும் போவான். அதற்கும் முன்னே, மூழ்குகிறவர்களைச் சுறா கடிக்காமல் மந்திரம் போடுவதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்று மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். (இன்றைக்கும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்தப் பரம்பரைதான்!)

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல் முடிந்துபோனது. 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் இங்கேயே சிப்பிக்குள் கருவை வைத்து வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அதாவது, குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பாமல் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு செய்தார்கள். அண்ணாச்சியின் கட்சியும் அதுதான். “திறந்து பாக்காம துட்டக் குடுக்கக் கூடாது தம்பி.”

ஆறு அறை வீடு

கார் பேட்டரி என்பது சிமென்ட் மூட்டையை விடச் சின்னதாக, ஆனால் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் ஒரு பெட்டி. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள், கந்தக அமிலக் கரைசல். ஓர் அறைக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட். ஆறையும் சேர்த்தால் 12.6. நாம் பேச்சுவாக்கில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்கிறோம். 1859ல் பிரான்ஸ் நாட்டு காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்த ஐடியா. இன்று வரை அடிப்படை மாறவில்லை. 1912ல் அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் காடிலாக் காரில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் பொருத்திய பிறகுதான், ஹேண்டில் சுற்றிச் சுற்றிக் கையை உடைத்துக்கொண்ட ஜனங்களுக்கு விடுதலை கிடைத்தது.

வண்டி நின்று சில மணி நேரம் கழித்து பேட்டரியை மீட்டரில் பிடித்தால் ஜாதகம் தெரியும். 12.6 என்றால் ஃபுல். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான். பார்க்க அற்ப வித்தியாசம்! ஆனால் ஆளை நடு ரோட்டில் நிறுத்துவது அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண்தான்.

இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் என்ற ஜெனரேட்டர் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். அப்போது மீட்டரில் 14 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். என் வண்டியில் 14.2. “கொடுக்கறவன் நல்லவன்” என்றார் அண்ணாச்சி. சார்ஜரில் ராத்திரி முழுக்கப் போட்டு எடுத்த பேட்டரி, கேபிளைக் கழற்றித் தனியாக வைத்திருந்தபோது மறுநாளும் 12.6 காட்டியது. “வாங்கறவனும் நல்லவன். அப்ப நடுவுல ஒருத்தன் இருக்கான்!”

உப்புக் காற்று செய்யும் வேலை

முதல் சந்தேகம் கடற்கரைக்காரர்கள் எல்லோருக்கும் வரவேண்டிய சந்தேகம். உப்பு!

உப்பு உற்பத்தியில் நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடி தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு எங்கள் தூத்துக்குடி. ஊரைச் சுற்றி உப்பளம், கிழக்கே கடல். காற்று அடித்தால் கம்பிக் கதவு கூட நாலு வருஷத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கும். சமையலறையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசகசவென்று நீர்த்துக்கொள்கிறதல்லவா? அதே சமாசாரம் பேட்டரியின் தலையிலும் நடக்கிறது. தூசி, அமிலப் புகை, கடல் உப்பு மூன்றும் சேர்ந்து படியும். ராத்திரி ஈரத்தை அந்த உப்பு உறிஞ்சிக்கொள்ளும். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு ஒரு கள்ளப் பாதை ரெடி!

இதற்கு ஒரு டெஸ்ட். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் மீது வைத்து, மற்றதை பேட்டரியின் பிளாஸ்டிக் மேல்புறத்தில் அங்கங்கே தடவுங்கள். பிளாஸ்டிக் மேலே வோல்ட் காட்டினால் உப்புப் பாதை இருக்கிறது என்று அர்த்தம். மருந்து சிம்பிள். கேபிளைக் கழற்றிவிட்டு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து (மூடிகளுக்குள் போகாமல்) பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து, காயவைத்து, டெர்மினலில் கொஞ்சம் வாஸலின் தடவினால் தீர்ந்தது.

துருவும் பேட்டரியும் அடிப்படையில் அண்ணன் தம்பிகள். இரண்டும் மின்வேதியியல். இதை ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் ஒரு பெரிய நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். கடல் அரிப்பை ஆராய மண்டபத்திலும் எங்கள் தூத்துக்குடி ஹார்பர் பகுதியிலும் அதற்குக் கிளை மையங்கள் உண்டு. அரிப்பின் அருமை தெரிந்துதான் இடம் பார்த்திருக்கிறார்கள்!

அண்ணாச்சி என் பேட்டரியின் தலையைத் தடவிப் பார்த்தார். பிளாஸ்டிக் மேலே ஒன்றும் காட்டவில்லை. “உப்பு நிரபராதி. அடுத்த ஆளக் கூப்புடு!”

தண்ணீரில் போன வண்டியா?

அடுத்து அவர் செய்த காரியம் எனக்குப் புரியவில்லை. டிரைவர் சீட்டுக்குக் கீழே மேட்டை உரித்து, கையை விட்டு, விரலை மோந்து பார்த்தார்.

“செகண்ட் ஹாண்டுன்னு சொன்னியள்லா? வெள்ளத்துல போன வண்டியான்னு பாக்கேன்.”

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலும் அதில் சுமார் 800 பயணிகளும் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். வீதிகளில் நின்ற வண்டிகள் ஸ்டியரிங் வரை முங்கின.

“தண்ணி வடிஞ்ச ஒடனே சில வண்டி ஓடிரும் தம்பி. நமக்கு ஒண்ணுமில்லன்னு நெனைப்பாக. நாலு மாசம் கழிச்சு வரும் பாருங்க... ஒயர் சாக்கெட்டுக்குள்ள எல்லாம் பச்சையாப் பூத்துப் போயிருக்கும். ஒரு கம்பியில இருந்து பக்கத்துக் கம்பிக்குக் கரன்ட் ஒழுகும். வெளிய ஒண்ணும் தெரியாது.”

செப்புக் கம்பியில் ஈரமும் உப்பும் பட்டால் பச்சைக் களிம்பு பூக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயின்ட் பளபளப்பைப் பார்க்கிற நேரத்தில், மேட்டுக்கு அடியில் வண்டல் இருக்கிறதா, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் சேற்றுக் கறை தெரிகிறதா என்று பார்ப்பது உத்தமம்.

என் வண்டியில் வண்டல் இல்லை. அது வெள்ளம் பார்க்காத உத்தமி.

மீட்டரைப் போடு!

இப்போதுதான் உண்மையான விசாரணை. கவனமாகப் படியுங்கள். வீட்டிலேயே நீங்கள் செய்யக்கூடியது.

பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்ற வேண்டும். பிளஸ்ஸை முதலில் தொடக்கூடாது. ஸ்பானர் தவறி பாடியில் பட்டால் தீபாவளி! மீட்டரில் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையில் சொருகி, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டரை இணைக்க வேண்டும். அதாவது, பேட்டரியை விட்டுப் போகும் ஒவ்வொரு சொட்டுக் கரன்ட்டும் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். செக்போஸ்ட் மாதிரி. இந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஸ்டார்ட்டர் கேட்பது நூறு ஆம்பியருக்கு மேலே. மீட்டர் தாங்குவது பத்து.

கதவு, டிக்கி எல்லாம் மூடியிருக்க வேண்டும். டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பெட்டியைத் தொட வேண்டுமே? அண்ணாச்சி டிரைவர் கதவைத் திறந்து வைத்து, கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் ‘க்ளிக்’ என்று மடக்கிவிட்டார். கதவு சாத்தியாகிவிட்டது என்று வண்டி நம்பிவிட்டது! (மனுஷனை ஏமாற்றுவது கஷ்டம், கம்ப்யூட்டரை ஏமாற்றுவது சுலபம்.)

மீட்டரில் 2 ஆம்பியருக்கு மேல் காட்டியது. “அடேயப்பா!” என்றேன்.

“அவசரப்படாதிய. கம்ப்யூட்டரு இன்னும் தூங்கல. வாங்க, டீ குடிச்சிட்டு வருவம்.”

இக்காலத்துக் கார்களுக்குள் குட்டிக் குட்டிக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. வண்டியைப் பூட்டிய பிறகும் அவை உடனே தூங்குவதில்லை. சிலதுக்கு அரை மணி நேரம் கூட ஆகும். அதற்கு முன் எடுக்கும் ரீடிங் எல்லாம் பொய்.

எதிரே ஒரு நைட் கிளப்பில் உட்கார்ந்தோம். (வெளியூர்க்காரர்கள் பதற வேண்டாம். தூத்துக்குடியில் நைட் கிளப் என்றால் புரோட்டா கடை. டான்ஸ் ஆடுவது சால்னா மட்டும்தான்!)

திரும்பி வந்தபோது மீட்டரில் 0.43 ஆம்பியர். அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

“சிக்கிட்டான்!” என்றார் அண்ணாச்சி.

ஐந்தாம் கிளாஸ் கணக்கு

நிறுத்திய வண்டி கொஞ்சம் கரன்ட் குடிப்பது சகஜம். கடிகாரம், ரேடியோவின் ஞாபக சக்தி, ரிமோட் லாக் எல்லாம் விழித்திருக்க வேண்டுமே! அதற்கு 0.02லிருந்து 0.05 ஆம்பியர் வரை போனால் தப்பில்லை.

என் வண்டியில் போவது 0.43. ஒரு நாளைக்கு 24 மணி நேரம். பெருக்கினால் 10.3. என் பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி. ஆக, ஒன்றே முக்கால் நாளில் பாதி காலி, மூன்றரை நாளில் முழுக் காலி. சனிக்கிழமை சாயந்திரத்திலிருந்து செவ்வாய் விடிகாலை வரை எத்தனை நாள்? இரண்டரை. அப்புறம் ‘டிக்’ என்று கூட வந்ததே பெரிய மனசு!

தினமும் ஓட்டினால் ஏன் ஸ்டார்ட் ஆனது என்பதும் விளங்கிவிட்டது. ஹார்பர் போய்வருகிற நேரத்தில் ஆல்டர்னேட்டர் மூச்சு முட்ட ஊற்றியதைத்தான் ராத்திரி அந்தப் பூதம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்த கதை.

இப்படிப் பாதிக்குக் கீழே இறங்கி இறங்கி ஏறினால் ஈயத் தகட்டில் வெள்ளையாக சல்ஃபேட் இறுகிவிடும். அப்புறம் நல்ல பேட்டரியும் நிஜமாகவே நோயாளிதான். பதினொரு மாசத்தில் செத்துப்போகும் பேட்டரிகளில் பல, இப்படி வெளியார் செய்த கொலைகள்!

ஒவ்வொரு சிப்பியாக...

“இனிமே ஃபியூஸ ஒவ்வொண்ணாப் பிடுங்குவம். எதப் பிடுங்கினா மீட்டரு இறங்குதோ அந்த லைன்ல ஆளு இருக்கான்.”

முதலில் எல்லோரும் சந்தேகப்படும் ஆசாமி: வெளியே வாங்கி மாட்டிய மியூசிக் செட். அதன் பின்புறச் சாக்கெட்டைக் கழற்றினார். 0.42. “இவனில்ல.”

ஆல்டர்னேட்டருக்குள் டயோடு என்ற ஒருவழிக் கதவுகள் உண்டு. ஒன்று பழுதானால் கரன்ட் பின்பக்கமாக ஒழுகும். அதை ஃபியூஸ் பிடுங்கிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஆல்டர்னேட்டரின் கனமான ஒயரையே கழற்றிப் பார்த்தார். மாற்றமில்லை.

ஹார்ன் ஃபியூஸ்... 0.42. வைப்பர்... 0.42. ஏ.ஸி... 0.42. சென்ட்ரல் லாக்... 0.41. எனக்கு நம்பிக்கை இறங்கியது, மீட்டர் இறங்கவில்லை. மணி ஒன்பது தாண்டிவிட்டது. மறுநாள் வியாழன், அதற்கு மறுநாள் வெள்ளி.

பதினோராவது ஃபியூஸ். ‘ரூம் லைட்’ என்று எழுதியிருந்தது. பிடுங்கினார்.

0.02!

“பாத்தியளா!” என்று அண்ணாச்சி தொடையில் தட்டினார். பேய் ஒரே தாவலில் இறங்கிவிட்டது.

“ரூம் லைட் எரியலையே அண்ணாச்சி?”

“இந்த லைன்ல ரூம் லைட் மட்டுமா இருக்கு? ஒங்க செல்லக் குடுங்க.”

என் செல்போனில் வீடியோ ரெக்கார்டிங்கைப் போட்டு, ஃபியூஸைத் திரும்ப மாட்டி, போனை டிக்கிக்குள் வைத்து மூடினார். ஒரு நிமிஷம் கழித்துத் திறந்து எடுத்து வீடியோவை ஓட்டினோம்.

டிக்கி மூடுகிறது... இருட்டவில்லை! ஸ்டெப்னி டயர், அப்பாவின் பிளாஸ்க், ஒரு கிழிந்த குடை, எல்லாம் ஸ்டேஜில் நிற்கிற மாதிரி ஜெகஜ்ஜோதியாகத் தெரிகின்றன. டிக்கி லைட்! ஐந்து வாட் பல்பு. ஐந்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.4 ஆம்பியர் சொச்சம். கணக்கு கன கச்சிதம்.

டிக்கி மூடினால் விளிம்பில் உள்ள ஒரு குட்டிப் பொத்தான் அமுங்கி விளக்கை அணைக்க வேண்டும். அந்தப் பொத்தானின் தலையில் ஒரு சுண்டு விரல் நுனி அளவுக்கு ரப்பர் தொப்பி இருக்க வேண்டும். வெயிலும் உப்புக் காற்றும் பட்டுப் பட்டு அது வெடித்து உதிர்ந்துபோயிருந்தது. தொப்பி இல்லாததால் பொத்தான் முழுசாக அமுங்கவில்லை. அவ்வளவுதான் சங்கதி!

அண்ணாச்சி பழைய சாமான் டப்பாவைக் கிளறி ஒரு ரப்பரைத் தேடி மாட்டினார். மறுபடி வீடியோ. டிக்கி மூடியது, கும்மிருட்டு. மீட்டரில் 0.02. ரப்பருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வேலைக்கு முந்நூறு ரூபாய்.

நீங்களே துப்பறிய...

1. வண்டி தினமும் ஓடினால் சரி, நின்றால் மக்கர் என்றால் பேட்டரியை விடத் திருட்டைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

2. ராத்திரி இருட்டில் பூட்டிய வண்டியைச் சுற்றி வாருங்கள். பிரேக் லைட், டாஷ்போர்டு விளக்கு, டிக்கி (செல்போன் வீடியோ), கிளவ் பாக்ஸ் என்று எங்காவது வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள்.

3. டாஷ் காமிரா, ஜி.பி.எஸ். டிராக்கர், எப்போதும் சொருகியே இருக்கும் செல் சார்ஜர்... பின்னால் மாட்டியவை எல்லாம் சந்தேக லிஸ்ட்டில் முதலில். சாவி போடாமலே ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால், ரிமோட்டை வண்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சில வண்டிகள் அதைப் பார்த்துப் பார்த்துத் தூங்காமல் விழித்திருக்கும்.

4. மீட்டர் வைத்தால் அரை மணி நேரம் பொறுங்கள். 0.05க்குள் வந்தால் நிம்மதி. தாண்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எது எங்கே இருந்தது என்று முன்னாலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

5. எந்த ஃபியூஸுக்கும் இறங்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டரையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

6. பேட்டரி பக்கத்தில் சிகரெட் வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். (எந்தப் பக்கத்திலும் வேண்டாம் என்பது அப்பாவின் கருத்து.)

7. சூடான ஊரில் பேட்டரி சும்மா இருந்தாலே வேகமாக இறங்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த இயல்பான கசிவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீண்ட நாள் வெளியூர் போனால் மைனஸ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து இருபதுக்கு அப்பா ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிவிட்டார். முழுசாக நாலு மணி நேரம் கிடைத்தது. அன்று ராத்திரி படுத்துத் தூங்கினார்.

மறுநாள் அவரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். “மூடி வெச்ச பெட்டிக்குள்ள வெளக்கு எரிஞ்சா யாருக்குத் தெரியும்? நல்ல வேளை, கேக்கறதுக்கு ஒரு மீட்டர் இருக்கு” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, “ஏல, மாசாமாசம் பத்தாம் தேதியே சம்பளம் காலின்னு சொல்லுதியே... அதுக்கும் ஒவ்வொரு ஃபியூஸாப் பிடுங்கிப் பாத்தா என்ன?” என்றார்.

போன வாரம் உட்கார்ந்து பிடுங்கினேன். பார்க்காத ஓ.டி.டி. சந்தா இரண்டு, போகாத ஜிம் ஒன்று. டிக்கி லைட்டுகள்!